கந்தளாய்க் குளத்துக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு: நடை, சைக்கிள், குளிப்பு

திருகோணமலை நகரிலிருந்து ஏ6 வீதியில் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் போனால் கந்தளாய்க் குளம். விடியமுன் வெளிக்கிட்டால் ஒரே நாளில் நடந்து, சைக்கிள் ஓடி, குளித்து, பொழுதுபடமுன் வீட்டுக்கு வந்து சேரலாம். ஆனால் பூங்காவுக்குப் போகிற நினைப்போடு போகவேண்டாம். இது வேலை செய்கிற குளம். கந்தளாய், தம்பலகாமம் வயல்களுக்குத் தண்ணீர் இங்கிருந்துதான் பாய்கிறது. நகரத்து வீடுகளின் குடிநீர்க் குழாயிலும் இந்தக் குளத்துத் தண்ணீர் வருகிறது. மின்னேரியா, கவுடுல்ல குளங்களிலிருந்து வருகிற யோத எல வாய்க்கால் இதை நிரப்புகிறது. துருசு (வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற மதகு) எப்போது திறக்கிறார்கள், காற்று எப்போது எழும்புகிறது, யானை எப்போது இறங்குகிறது என்ற மூன்றும் தெரிந்தால் பயணத்தில் பாதிச் சிக்கல் வராது.

இந்தக் குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்பது திருகோணமலைத் தமிழரின் மரபு. சிங்கள வரலாற்று மரபு 2ஆம் அக்கபோதி மன்னனைச் சொல்கிறது. கட்டின் நீளம் 14,000 அடி, உயரம் ஏறத்தாழ 50 அடி. இந்த இரண்டு அளவும் நடைக்கும் சைக்கிளுக்கும் கணக்குப் போட உதவும்.

எந்த மாதம்

பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம். வாடை மழை ஓய்ந்திருக்கும், குளத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும், காலை வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை கட்டின் புற்சரிவு வழுக்கும். மழை கூடினால் மிகுதித் தண்ணீரை வெளியேற்றுகிற வான் கதவுகளையும் திறப்பார்கள். வானுக்குக் கீழே ஓடுகிற ஆற்றுப்படுகை காய்ந்து, கல்லும் மணலுமாக அழகாகத் தெரிந்தாலும் அந்த நாட்களில் அதற்குள் இறங்கி நிற்கக்கூடாது. மேலே கதவு திறந்தால் முழங்கால் தண்ணீர் சில நிமிடத்தில் இடுப்புக்கு வரும்.

சிறுபோகம் தொடங்கித் தண்ணீர் பாயத் தொடங்கியதும் குளம் இறங்கும். கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே சேறு அகலும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று. இது தென்மேற்கிலிருந்து, குளத்தின் முழு அகலத்தையும் கடந்து கட்டை நோக்கி அடிக்கிறது. காலை எட்டு மணிக்குக் கண்ணாடி மாதிரிக் கிடக்கிற தண்ணீர் பதினொரு மணிக்குக் கட்டின் கல்லில் மோதிச் சிதறும். அந்த மாதங்களில் நடக்கலாம், சைக்கிள் ஓடலாம். குளிப்பைத் தவிர்ப்பதே நல்லது.

போய்ச் சேருவது

திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து கொழும்பு, கண்டி, குருநாகல் போகிற பஸ்கள் கந்தளாய் வழியாகத்தான் போகின்றன. ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம். ஐந்து மணிக்குச் சற்றுப் பிந்திய பஸ்ஸைப் பிடித்தால் வெளிச்சம் வரும்போது அங்கே இறங்கலாம். கந்தளாயில் புகையிரத நிலையமும் இருக்கிறது. ஆனால் காலை ஆறரைக்குக் கட்டில் நிற்க விரும்புகிறவருக்கு பஸ்தான் வசதி.

சைக்கிளைத் திருகோணமலையிலிருந்தே மிதித்துக்கொண்டு போக ஆசைப்படுகிறவர்கள் பலர். புதியவருக்கு அது வேண்டாம். சீனன்குடாவிலிருந்து வருகிற மாவு லொறிகளும் எண்ணெய் பவுசர்களும் இதே வீதியில்தான் ஓடுகின்றன. பெரிய வாகனம் ஒன்று விலத்தும்போது எழும்புகிற காற்றே சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளும். பட்டா என்கிற சிறு லொறி ஒன்றை வாடகைக்குப் பிடித்தால் ஐந்தாறு சைக்கிள் ஏறும். ஏற்றும்போது பெடல் அடுத்த சைக்கிளின் கம்பிக்குள் போகாமல், நடுவே பழைய சாக்கு வைத்துக் கட்டுங்கள். ஒரு கம்பி வளைந்தாலே சில்லு ஆடத் தொடங்கிவிடும்.

பையில் இருக்க வேண்டியவை

ஆளுக்கு 4 லீற்றர் தண்ணீர். இதில் குறைக்காதீர்கள். கட்டில் நிழல் குறைவு. ஆளுக்கு ஒரு ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத்தூள்) பக்கெற்றும் கொண்டுபோங்கள். ஒரு பக்கெற்றை ஒரு லீற்றர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அரை லீற்றர் போத்தலில் முழுப் பக்கெற்றையும் கொட்டினால் உப்புக் கூடி வயிற்றைக் குழப்பும்.

சாப்பாட்டுக்கு ரொட்டி, சீனிச் சம்பல், வாழைப்பழம் போதும். தேங்காய்ப்பால் கறியோடு கட்டின சோற்றுப் பார்சல் பத்து மணி வெயிலிலேயே புளிக்கத் தொடங்கும். பார்சல் கட்ட வாழையிலை பாவியுங்கள். பொலித்தீனில் ஒட்டிய சாப்பாட்டு மணத்துக்கு யானை வரும். பொலித்தீனையும் சேர்த்து விழுங்கும்.

தொப்பி, கட்டுப் போடத் துணிப்பட்டி, விசில், உப்பு ஒரு சிறு பொட்டலம் (மழைக்குப் பின் புல்லில் அட்டை ஏறும்), தொலைபேசிக்குத் தண்ணீர் போகாத உறை. கடைசியாக, 5 லீற்றர் வெறும் கான் ஒன்றும் 15 மீற்றர் நைலோன் கயிறும். இவை எதற்கு என்று குளிப்புப் பகுதியில் வருகிறது. இவற்றை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் குளிக்காமலே திரும்புங்கள்.

கட்டில் நடப்பது

14,000 அடி என்றால் 4.3 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. போய்வர எட்டரை கிலோமீற்றர். நின்று நின்று பார்த்து நடந்தால் இரண்டரை மணித்தியாலம். காலை ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பது மணிக்கு முடிக்கலாம். ஆறரைக்கு முன் கட்டில் ஏறுவது நல்லதல்ல. இரவு முழுக்கக் குளத்தில் நின்ற யானை காட்டுக்குத் திரும்புகிற நேரம் அது. மாலையிலும் ஐந்தரைக்குள் கட்டையும் வாய்க்கால் கரையையும் விட்டு வீதிக்கு வந்துவிட வேண்டும்.

கட்டின் நடுவழியில் நடங்கள். நீர்ப்பக்கத்துக் கற்களில் இறங்கிப் படம் எடுக்கிற வழக்கம் ஆபத்தானது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கிற கல்லில் பாசி காய்ந்து கறுப்பாகத் தெரியும். ஈரக்கால் பட்டதும் அது சவர்க்காரம் போல வழுக்கும். கல் இடுக்குகளில் வெயில் காய்கிற பாம்புகளும் இருக்கும். புற்சரிவில் நடப்பதென்றால் மூடிய சப்பாத்துப் போடுங்கள், தடியால் முன்னே தட்டித் தட்டிப் போங்கள். கண்ணாடிப் புடையன் அசையாமல் கிடக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். கடித்துவிட்டால் கயிற்றால் இறுக்கக்கூடாது, கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது. மோதிரம், கொலுசு, கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோலத் தடி வைத்துக் கட்டி அசையாமல் வைத்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கந்தளாயிலேயே ஆதார வைத்தியசாலை இருக்கிறது.

கட்டு முழுவதும் மண்ணால் ஆனது என்பதை நடக்கிற ஒவ்வொருவரும் மனதில் வைத்திருக்க வேண்டும். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை இந்தக் கட்டு உடைந்தது. 120 பேருக்கு மேல் இறந்தார்கள். கீழே ஊர்கள் நித்திரையில் இருந்த நேரம் அது. ஆகவே சரிவில் குழி தோண்டி அடுப்பு மூட்டவோ, கூடாரக் கட்டைகளை அடிக்கவோ, புல்லை அரித்துக் குறுக்குவழி உண்டாக்கவோ கூடாது. புல் போன இடத்தில் மழைத்தண்ணீர் ஓடை வெட்டும். ஓடை ஆழமானால் கட்டு மெலியும்.

நடக்கும்போது ஊர்ப்பக்கத்து அடிவாரத்தையும் ஒரு கண் பாருங்கள். கட்டின் காலடியில் கொஞ்சம் தண்ணீர் கசிவது எப்போதும் ஆபத்தின் அறிகுறி அல்ல. ஒரு தெளிந்த போத்தலில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தண்ணீர் தெளிவாக இருந்தால் மண் அரிபடவில்லை. கலங்கலாக, அடியில் மண் படிகிற மாதிரி வந்தால் உள்ளே மண் கழுவுப்பட்டு வருகிறது. மண் கட்டுகள் உள்ளே துளைபட்டு உடைவது இப்படித்தான் தொடங்கும். தாமதிக்காமல் நீர்ப்பாசன அலுவலகத்துக்கு அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குச் சொல்லுங்கள். இடத்தைத் துல்லியமாகச் சொல்லத் துருசிலிருந்து எத்தனை அடி எடுத்து வைத்தீர்கள் என்று எண்ணிக்கொண்டு போங்கள்.

சைக்கிள்

கட்டின் மேல் சைக்கிள் ஓடுவதைவிட வாய்க்கால் கரையோரத்துக் கிறவல் வழிகளில் ஓடுவது சுகம். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், ஆங்காங்கே மருத மர நிழல். நடை முடிந்து ஒன்பது மணிக்குத் தொடங்கி, பத்தரைக்குள் 12 முதல் 15 கிலோமீற்றர் ஓடினால் முதல் தடவைக்குப் போதும். விதைப்பு நாட்களிலும் அறுவடை நாட்களிலும் உழவு இயந்திரத்துக்கும் வெட்டு மெசினுக்கும் வழி விட்டு இறங்கி நில்லுங்கள். அது கமக்காரர் வேலைக்குப் போட்ட வழி.

காற்று அடிப்பதில்தான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். தார் வீதிக்கு அடிக்கிற மாதிரிக் கல்லாக அடித்தால் கிறவலில் சில்லு குதித்து வழுக்கும். 26 அங்குல, 1.95 அகல மலைச் சைக்கிள் ரயருக்கு 35 முதல் 40 பிஎஸ்ஐ. பெரிய சாதாரணச் சைக்கிளின் 28 அங்குல ரயருக்கு 45 முதல் 50. அளவுமானி இல்லாவிட்டால் இரண்டு பெருவிரலாலும் அழுத்திப் பாருங்கள். சற்றே அமுங்கித் திரும்ப வேண்டும்.

நெருஞ்சியும் உடைவேல முள்ளும் இருக்கிற தரை இது. ஒட்டுப் போடத் தெரியாமல் வரவேண்டாம். சில்லைக் கழற்றத் தேவையில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, வால்வைக் கழற்றி முழுக் காற்றையும் விடுங்கள். இரண்டு லீவரால் ரயரின் ஒரு பக்கத்தை மட்டும் விளிம்புக்கு வெளியே எடுத்து, ரியூப்பை இழுத்துக் கொஞ்சம் காற்றடித்து, தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிற இடத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள். வட்டம் ஒட்டுத்துண்டை விடப் பெரிதாக இருக்கட்டும், அப்போதுதான் தேய்க்கும்போது அழியாது. ஈரத்தைத் துடைத்து, மினுக்கம் போய் மங்கல் நிறம் வரும்வரை அரத்தாளால் தேயுங்கள்.

இப்போது சொலூசனை மெல்லிசாகப் பூசிவிட்டுக் காத்திருங்கள். நாலைந்து நிமிடம். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஈரம் ஒட்டக்கூடாது, பிசுபிசுப்பு மட்டும் தெரிய வேண்டும். அவசரப்பட்டு ஈரத்திலேயே ஒட்டினால் வெயில் சூட்டில் துண்டு நகர்ந்து, இரண்டு கிலோமீற்றரில் மறுபடியும் காற்றுப் போகும். ஒட்டிய பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள்.

ரியூப்பை உள்ளே வைக்குமுன் ரயரின் உட்பக்கத்தைத் துணி சுற்றிய விரலால் ஒரு முழுச் சுற்றுத் தடவிப் பாருங்கள். முள் இன்னும் அங்கேயே குத்திக்கொண்டு நிற்கும். ஒட்டுப் போட்ட கையோடு மறுபடியும் காற்றுப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த முள்தான். ஒட்டெல்லாம் சரியாக இருந்தும் காற்று நிற்கவில்லை என்றால் வால்வைப் பாருங்கள். பழைய மாதிரி வால்வில் போட்டிருக்கிற சிறு றபர்க் குழாய் வெயிலில் வெடித்திருக்கும். புதிய றபர் ஒரு அங்குலம் பையில் இருந்தால் ஒரு நிமிட வேலை.

யானை விடயம். வழியில் ஈரமான சாணமோ, புதிதாக முறித்த கொப்போ கண்டால் அந்த வழியை விட்டுத் திரும்புங்கள். யானை கண்ணில் பட்டால் குறைந்தது 100 மீற்றர் தூரத்திலேயே நின்று, மணி அடிக்காமல், கத்தாமல், வந்த வழியே போங்கள். கூட்டத்தைவிடத் தனியன் பொல்லாதது. மின்வேலிக் கம்பியில் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். வேலிப் படலையைத் திறந்து போனால் மூடிவிட்டுப் போங்கள், திறந்து கிடக்கிற படலையால் யானை போவது ஒரு கமக்காரரின் வயலுக்கு. கந்தளாயில் பெரும்பாலும் சிங்களம் கேட்கும். யாராவது "அலி, அலி" என்று சத்தம் போட்டால் யானை நிற்கிறது என்று அர்த்தம். "கிம்புலா" என்றால் முதலை. இந்த இரண்டு சொல்லையும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம் 1992.

குளிப்பு

உயிர்காப்பாளர் யாராவது நிற்பார் என்று எண்ணி வரவேண்டாம். உங்கள் குழுவே அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

முதலில் இடம். ஊர் மக்கள் தினமும் குளிக்கிற துறையில் மட்டும் இறங்குங்கள். அங்கே நிற்கிற பெரியவரிடமோ மீன்பிடிக்கிறவரிடமோ மூன்று கேள்வி கேளுங்கள்: ஐயா, இந்தக் கிழமை முதலை கண்டீர்களா? வலை எங்கே போட்டிருக்கிறீர்கள்? துருசு திறந்திருக்கிறதா? வயல்களுக்குத் தண்ணீர் பகிர்கிற பொறுப்பாளரான வட்டவிதானையைக் கண்டால் கடைசிக் கேள்விக்கு நேரத்தோடு பதில் கிடைக்கும். திலாப்பியாவுக்குப் போடுகிற வலையின் மெல்லிய நைலோன் தண்ணீருக்குள் தெரியாது. கால் மாட்டி உதறினால் இன்னும் சுற்றும்.

துருசிலிருந்து 100 மீற்றருக்குள் இறங்கவே கூடாது. திறந்த துருசு மேற்பரப்பில் சத்தம் போடாது. இழுப்பு முழுவதும் அடியில். கூர்ந்து பார்த்தால் துருசுக்கு நேரே மேலே காய்ந்த இலைகள் ஒரே இடத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும், சில வேளை நடுவே ஒரு சின்னக் குழி விழும். அவ்வளவுதான் வெளியே தெரிகிற அடையாளம். அடியில் அகப்படுகிறவரை இரண்டு பேர் சேர்ந்தாலும் இழுத்தெடுக்க முடியாது.

நேரம் காலை பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே, காற்று எழும்பாத நாளில். முதலை விடியற்காலையிலும் மாலையிலும்தான் கூடுதலாக நடமாடும். கோடையில் தண்ணீர் சுருங்கும்போது இருக்கிற முதலையெல்லாம் மிஞ்சிய தண்ணீரில் சேரும். கரையோரச் சேற்றில் வயிறு இழுபட்ட அகலமான தடமும் இரண்டு பக்கமும் நகக்குறியும் கண்டால் அன்றைக்குக் குளிப்பு இல்லை. மீன் கழுவுகிற இடத்திலும், தாமரை அடர்ந்த இடத்திலும் இறங்கவேண்டாம்.

உடை. சாறத்தோடு நீந்துகிறவர்கள்தான் கூடுதலாகத் திணறுகிறார்கள். தண்ணீருக்குள் சாறம் முதலில் காற்றுப் பிடித்து ஊதும், பிறகு காலைச் சுற்றும். ஆண்கள் கட்டைக் காற்சட்டை, பெண்கள் லெகின்ஸும் இறுக்கமான மேற்சட்டையும். நெஞ்சுக்குக் கட்டிய பாவாடை துறையில் நின்று அள்ளிக் குளிக்க மட்டும் சரி. காலில் பட்டி வைத்த றபர்ச் செருப்பு, சிப்பியும் உடைந்த போத்தலும் அடியில் கிடக்கும்.

இறங்கும் முறை இதுதான். நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் தடியோடு முன்னே போய் ஒவ்வொரு அடியாக ஆழம் பார்க்கட்டும். கட்டுக்கு மண் எடுத்த குழிகள் குளத்துக்குள் இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் போவது இதனால்தான். நெஞ்சளவு வந்ததும் நின்று, அந்த எல்லையில் தடியை ஊன்றுங்கள். அதற்கு அப்பால் யாரும் போவதில்லை. கரையில் ஒருவர் குளிக்காமல், தொலைபேசி பார்க்காமல், தலைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். சாராயம் குடித்தவர் இறங்கக்கூடாது, அவர் யாராக இருந்தாலும் சரி. தலைகீழாகப் பாயவும் கூடாது. அடிக்கட்டைகள் தண்ணீருக்குள் நிற்கும்.

சவர்க்காரம், ஷாம்பு வேண்டாம். நகரத்தில் யாரோ ஒருவர் குடிக்கப்போகிற தண்ணீர் இது.

யாராவது தத்தளித்தால் பாய்ந்து போய்ப் பிடிக்காதீர்கள். மூழ்குகிறவர் பிடித்தவரையும் அமுக்குவார். இரண்டு பேராக இறப்பது இப்படித்தான். அந்த 5 லீற்றர் கானில் ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டு, இறுக மூடி, கயிற்றைக் கைபிடியில் கட்டி எறியுங்கள். வெறும் கான் காற்றில் திரும்பி வரும், கொஞ்சம் தண்ணீர் இருந்தால்தான் நேரே போகும். ஆளுக்கு அப்பால் விழ எறிந்து மெதுவாக இழுங்கள். வீட்டு முற்றத்தில் நாலைந்து தடவை எறிந்து பழகிவிட்டு வாருங்கள்.

வெளியே எடுத்தவருக்கு மூச்சில்லை என்றால் ஒருவர் 1990 அழைக்க, மற்றவர் தலையைப் பின்னே சரித்து மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் 5 தடவை ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல், மாறி மாறி. வளர்ந்தவருக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கவோ, தோளில் கவிழ்த்துப் போட்டுக் குலுக்கவோ கூடாது. அதில் போகிற ஒவ்வொரு நொடியும் மூளைக்குக் காற்றில்லாத நொடி.

நீந்தத் தெரியாத குடும்பமும் சின்னப் பிள்ளைகளும் கூட வந்தால் குளத்துக் குளிப்பை விட்டுவிடுங்கள். திருகோணமலையிலிருந்து அனுராதபுரம் போகிற வீதியில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் இருக்கின்றன. வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்கலாம். மே முதல் செப்ரெம்பர் வரை என்றால் திருகோணமலைக் குடாவுக்குள் ஒதுங்கியிருக்கிற மார்பிள் பீச் கடல் அடங்கிக் கிடக்கும்.

திரும்பிய பிறகு

வழியில் மண்சட்டித் தயிர் வாங்குகிறவர்கள் பஸ்ஸில் சட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், காலடியில் வைத்தால் குலுங்கித் தண்ணீர் பிரியும். வீட்டுக்கு வந்ததும் கிணற்று அல்லது குழாய்த் தண்ணீரில் உடம்பைக் கழுவி, கீறல் காயங்களைச் சவர்க்காரத்தால் கழுவி மருந்து போடுங்கள். காயத்தோடு குளத்திலும் வயல் தண்ணீரிலும் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் தெரியும், ஒரு மாதம் வரையும் பிந்தலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு என்று கண்டால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல் வைத்தியசாலைக்குப் போய், கேட்கமுன்பே சொல்லுங்கள்: இன்ன திகதி கந்தளாய்க் குளத்தில் குளித்தேன்.